தோட்ட வீட்டுக் கிணறும் காவற்காரர் குடமும்

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மதுரையிலோ உத்தியோகமும் வியாபாரமும் பார்த்து நாலு காசு சேர்த்தவர்கள், ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் நிலம் வாங்கி, அதில் தென்னையும் மாவும் வைத்து, நடுவே காற்றோட்டமாக ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் வந்து தங்கிப் போகும் வழக்கம் நம் ராஜ்யத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு மருங்கிலும், கொடைக்கானலை அடுத்த வில்பட்டிச் சரிவுகளிலும், ஏற்காட்டிலும் ஏலகிரியிலும், பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத் தென்னந்தோப்புகளிலும் இத்தகைய இரண்டாம் வீடுகளைக் காணலாம். உழைத்துச் சம்பாதித்தவர் ஓய்வுக்கு ஓரிடம் தேடிக்கொள்வதைக் குற்றமென்று சொல்ல எனக்கு உத்தேசமில்லை. என் ஆக்ஷேபம் அந்த வீட்டுக் குழாயைப் பற்றியது. அதில் வருகிற தண்ணீர் குடிக்கத் தக்கதா என்று விசாரித்து அறியும் கடமை நம் சட்டத்தில் எவர்மீதும் சுமத்தப்படவில்லை. உரிமையாளரோ காரில் ஏற்றிவந்த இருபது லிட்டர் கேன் தண்ணீரைக் குடித்துவிட்டு ஞாயிறு மாலை புறப்பட்டுவிடுகிறார். வருஷத்தின் முந்நூற்றறுபத்தைந்து நாளும் அந்தப் பூமியின் நீரைக் குடித்து ஜீவிப்பவர்கள் வாசலோரத்து ஓட்டறையில் இருக்கும் காவற்காரரும் அவருடைய மனைவி மக்களும்தாம்.

நிலத்தடி நீரைப் பற்றிய நம்முடைய சட்ட ஞானம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. லங்காஷயரில் பருத்தி ஆலைக்காரர் ஒருவர், அண்டை நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் தம் கிணறு வற்றிப்போயிற்று என்று தொடுத்த வழக்கில், பூமிக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஊறிச் செல்லும் நீர் நிலத்துக்குடையவரின் உடைமையே என்றும், அதை அவர் எடுத்துக்கொள்வதால் அயலாருக்கு நஷ்டம் நேர்ந்தாலும் வழக்காட இடமில்லை என்றும் 1843-ல் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆக்டன் - பிளண்டெல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்த அந்தத் தீர்ப்பின் கொள்கை, 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஓர் உதாரணமாகப் புகுந்து, இன்றளவும் அழியாமல் இருக்கிறது. பிற்பாடு சர்க்கார் தலையிடாமல் இல்லை. சென்னையையும் சுற்றுப்புறத்தையும் உத்தேசித்து 1987-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. ராஜ்யம் முழுமைக்கும் 2003-ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று. மூடாத துளைகளில் குழந்தைகள் விழுந்து மாண்ட கோரங்களுக்குப் பிறகு, கிணறு தோண்டுவதற்குப் பஞ்சாயத்தின் அனுமதி வேண்டுமென்று 2015-ல் விதிகள் செய்யப்பட்டன. மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறைகளோ, வீட்டு உபயோகத்துக்கு நீர் இறைக்கும் தனி நபர்களுக்கு அனுமதியே வேண்டாமென்று விலக்களித்துவிட்டன. இவையெல்லாம் துளையின் வாயையும் இறைக்கும் அளவையும் கவனித்தனவேயன்றி, வெளியே வருகிற நீரின் குணத்தை விசாரிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் திருத்தி வெளியிட்ட குடிநீர்த் தரம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தன் கிணற்று நீர் அதற்கு ஒத்திருக்கிறதா என்று தனி வீட்டுக்காரர் பார்த்தே ஆகவேண்டுமென்ற நிர்ப்பந்தம் ஏதுமில்லை.

நிர்ப்பந்தம் இல்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு, ஒரு தோட்டத்தில் போர் போடுகிற வைபவத்தைப் பார்த்தால் போதும். முதலில் நீரோட்டம் பார்ப்பவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நிலம் முழுவதும் நடந்து, அது நிமிர்ந்து நிற்கிற இடத்தில் அடையாளமிடுகிறார். அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து, ராத்திரியென்றும் பாராமல் கர்ஜித்து, அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று பாறையைத் துளைக்கிறது. அடிக்கு இவ்வளவென்று கூலியும், கேசிங் பைப்புக்கு இவ்வளவென்று விலையும் கணக்காகிறது. நீர் பீறிட்டதும் கற்பூரம் காட்டி, ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்து, 'நல்ல தண்ணிதான்' என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் பரீட்சை முடிந்தது. லட்சக்கணக்கில் செலவு செய்த அந்தக் கையே ஒரு பாட்டில் நீரைப் பிடித்து ஜில்லாத் தலைநகரத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்கலாம். அது எவர் நினைவிலும் வருவதில்லை. நிலத்தை வாங்கும்போதும் இதே கதைதான். முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். கிணற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை, கேட்டாலும் எத்தனை அடியில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

நாக்கு அறியக்கூடியது உப்பு ஒன்றைத்தான், அதையும் ஓரளவுக்குமேல் போன பிறகுதான். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குமேல் புளோரைடு கலந்திருந்தால் அந்த நீர் ஆகாதென்பது நம் தர விதி. அந்தப் புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கருங்கல் பாறைகளின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் அது கரைந்து சேர்வதால், துளை ஆழமாகப் போவதே சில இடங்களில் ஆபத்தை அழைப்பதாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறியதும், பெரியவர்களின் எலும்புகள் விறைத்து முதுகு வளைந்ததும் இதனால்தான். ஜப்பானியக் கடனுதவியுடன் காவிரி நீரை மலையேற்றிக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013-ல் துவக்கப்பட்டது இந்தக் கொடுமையை மாற்றத்தான். அந்தத் திட்டத்தின் குழாய்கள் கிராமத்துத் தெருவரை வருகின்றன. ஊருக்கு இரண்டு மைல் தள்ளித் தன்னந்தனியே நிற்கும் தோட்ட வீட்டுக்கு அவை போய்ச் சேருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நைட்ரேட் இன்னொரு விஷயம். எருக்குழியிலிருந்தும், மாட்டுக் கொட்டிலிலிருந்தும், தென்னைக்கு இடும் யூரியாவிலிருந்தும், செப்டிக் டேங்கிலிருந்தும் அது மண்ணில் இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. அமெரிக்காவின் அயோவா ராஜ்யத்தில், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த கைக்குழந்தைகள் உடல் நீலம் பாய்ந்து மூச்சுத் திணறியதை டாக்டர் ஹண்டர் காம்லி 1945-ல் எழுதிய பிறகே, இதன் அபாயம் வைத்திய உலகத்துக்குத் தெளிவாயிற்று. நம் தரத்தில் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம் என்பது எல்லை. வேறு நீர் கிடைக்காவிட்டால் சற்றுத் தாராளமாக இருக்கலாம் என்று பிற பொருள்கள் சிலவற்றுக்குக் கொடுத்த சலுகையை இதற்குக் கொடுக்கவில்லை. இதில் வருந்தத் தக்கது என்னவென்றால், காவற்காரர் மனைவி மிகுந்த ஜாக்கிரதையுடன் குழந்தைக்கு நீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாலும் பயனில்லை என்பதுதான்; கிருமிகள் மடியும், ஆனால் நீர் ஆவியாகிக் குறையக் குறைய நைட்ரேட்டும் புளோரைடும் மேலும் செறிந்துபோகும்.

கடற்கரையோரத்து வீடுகளின் ஸ்திதி வேறு. மணலுக்கடியில் நல்ல நீர் கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் இருக்குமென்பது நெதர்லாந்துக்காரர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்குமாக இறைத்து மேல் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்குகிறவர், காலப்போக்கில் கீழேயுள்ள உப்பைப் பன்மடங்கு மேலே அழைக்கிறார் என்றாகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் மிதமிஞ்சி இறைத்ததனால் கடல்நீர் மைல்கணக்கில் உட்புகுந்ததைக் கண்ட பின்பும், தெற்கே உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் என்று ஒவ்வொரு மதிலுக்குள்ளும் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மலைமேலோ சுனைநீர் தூயதென்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியது. சரிவில் கீழ்வீட்டின் சுனைக்கு மேல்வீட்டின் மலக்குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த நம்பிக்கை தளர்ந்துவிடும். செப்டிக் டேங்கின் கழிவை மண்ணில் விடுகிற இடம் குடிநீர்க் கிணற்றுக்குப் பதினெட்டு மீட்டருக்குள் வரக்கூடாதென்பது தர நிர்ணயத்தாரின் யோசனை. ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று துண்டு போட்ட மனைகளில், தன் கிணற்றுக்கும் அண்டை வீட்டுக் குழிக்கும் சேர்த்து அந்த இடைவெளியை எவரால் விட முடியும்?

பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால் வருகிற கேடுகள் தனி. தினந்தோறும் ஓடுகிற குழாயும் மாதம் ஒருமுறை ஓடுகிற குழாயும் ஒன்றல்ல. மேல்நிலைத் தொட்டியில் வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து நிற்கிற நீரில் கிருமிகள் வளர்கின்றன. மூடி நழுவியிருந்தால் பல்லியும் பறவை எச்சமும் சேர்கின்றன. குளோரின் போட்டிருந்தாலும் அதன் வீரியம் சில நாளில் போய்விடுகிறது. உரிமையாளருக்கு இதெல்லாம் ஒருவாறு தெரியும். ஆதலால்தான் சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டியிருக்கிறார். ஆனால் வீட்டைப் பூட்டும்போது அந்த இயந்திரமும் உள்ளே பூட்டப்பட்டுவிடுகிறது. காவற்காரர் அறைக்குப் போகிற குழாய் மோட்டாருக்குப் பக்கத்திலேயே பிரிந்து வெளியே வந்துவிடும். சுத்திகரிப்பு எதையும் அது தொட்டதில்லை.

இந்த இடத்தில் நம் தொழிற்சட்டங்களின் சரித்திரத்தைச் சற்று நினைவூட்டிக்கொள்வது பொருத்தமாயிருக்கும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளிகளுக்கு ஆரோக்கியமான குடிநீரை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும் என்றும், அது குடிநீர்தான் என்று அவர்களுக்குப் புரிகிற பாஷையில் எழுதிவைக்க வேண்டும் என்றும் விதித்தது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்தக் கடமையைத் தேயிலை, காப்பித் தோட்டத்து முதலாளிகளுக்கும் விரித்தது. அப்படியானால் ஒரு மலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு எழுபது வருஷத்துக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை, அதே எஸ்டேட் துண்டுபட்டு விற்கப்பட்டு வார விடுமுறைப் பங்களாக்களாக மாறியபின், அதே சரிவில் கேட்டருகே குடியிருக்கும் அவள் பேரனுக்கு இல்லாமல் போயிற்று. காரணம் எளியது. எஸ்டேட் ஒரு ஸ்தாபனம்; பங்களா ஒரு குடும்பத்தின் வீடு. பழைய சட்டங்களைத் திரட்டி 2020-ல் இயற்றிய தொகுப்பும் பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களுக்குக் குறையாத இடங்களையே நோக்குகிறது. ஒற்றைக் காவற்காரர் அதன் கண்ணில் படுவதில்லை. மாசற்ற நீர் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட் 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருப்பது மெய். ஆனால் ஒரு தோட்டக்காரர் தம் எஜமானரின் கிணற்றைக் காட்டி அரசியல் சாசனத்தின் 21-ஆம் ஷரத்தைப் பேசப்போவதில்லை என்பது அதைவிட மெய்.

தலைக்கணக்கு வைத்து விலக்களிப்பதில் நாம் மட்டும் விசேஷமல்ல. அமெரிக்காவில் 1974-ஆம் வருஷத்துக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது பதினைந்து இணைப்புகளோ, வருஷத்தில் அறுபது நாளாவது இருபத்தைந்து பேரோ இருந்தால்தான் ஒரு நீரமைப்பைப் பொதுவானதென்று கருதும். தனி வீட்டுக் கிணறுகளின் நீரைக் குடித்துவரும் நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மத்திய சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ஐரோப்பிய யூனியனும் ஐம்பது பேருக்குக் குறைந்தால் விலக்களிக்கிறது. ஆனால் அது வியாபார நோக்கமாக நீர் கொடுப்பவருக்கு அந்த விலக்கு இல்லை என்ற ஒரு வாசகத்தையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் 2016-ஆம் வருஷத்துத் தனியார் குடிநீர் விதிகள் இந்த வேற்றுமையைத் தெளிவாக அனுசரிக்கின்றன: தானும் தன் குடும்பமும் மட்டுமே குடிக்கிற கிணற்றை, உரிமையாளர் கேட்டாலொழிய உள்ளூர் கவுன்சில் பரிசோதிக்க வேண்டியதில்லை, அதே வீட்டை விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விட்ட மாத்திரத்தில், ஆண்டுதோறும் நீர்ப் பரிசோதனையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அபாய ஆராய்ச்சியும் கட்டாயமாகிவிடுகின்றன. நியூஜெர்ஸி ராஜ்யம் 2001-ல் செய்த சட்டம் வீடு கைமாறும்போது கிணற்று நீரைச் சோதித்தே தீரவேண்டும் என்கிறது. குடியிருப்பவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முடிவை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தன் நீரைத் தான் குடிப்பவன் என்ன குடித்தாலும் அது அவன் பாடு. பிறர் குடிக்கத் தொடங்கும்போது கணக்கு மாறுகிறது. நாமும் இதே நியாயத்தைத்தான் வேறிடங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்: தண்ணீரைக் கேனில் அடைத்து விற்பவருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டுமென்கிறோம். இரவுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தோட்ட வீட்டை விருந்தினருக்கு விடுகிறவரின் குழாயையும், சம்பளத்தின் ஒரு பகுதியாகக் குடியிருப்பும் நீரும் பெறுகிற காவற்காரரின் குழாயையும் மட்டும் ஏன் தனி மனிதரின் அந்தரங்கமென்று விட்டுவைக்க வேண்டும்?

ஆகவே, உரிமையாளர் நிரந்தரமாகக் குடியிராத கிராமத்து வீடுகளில், புதிதாகப் போர் போட்டவுடனும், கிரயப் பத்திரம் பதிவாகும்போதும், உரிமையாளர் குடும்பத்தைச் சேராத எவரேனும் அந்நீரைக் குடித்து வருமளவும் வருஷத்துக்கு ஒருமுறையும் நீரைச் சோதிக்க வேண்டும் என்று ராஜ்ய சர்க்கார் ஒரு விதி செய்யவேண்டும் என்பது என் அபிப்பிராயம். யார் இத்தகைய உரிமையாளர் என்று கண்டுபிடிக்க ஒற்றர்களை அனுப்ப வேண்டியதில்லை. பஞ்சாயத்தின் வீட்டு வரிப் புத்தகத்திலேயே சென்னை முகவரியோ பெங்களூர் முகவரியோ இருக்கும். சொந்தக் கிணற்றில் குடித்துப் பயிரும் செய்து வாழ்கிற சிறு விவசாயியை இந்த விதி தொடக்கூடாது. அவருக்குச் சோதனை வேண்டுமானால் இலவசமாகச் செய்துகொடுப்பதே முறை.

புது விதி என்றால் புது இன்ஸ்பெக்டர், புது இன்ஸ்பெக்டர் என்றால் புது மாமூல் என்று அஞ்சுகிறவர்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அதனால்தான் மதிலேறி வந்து பார்க்கும் அதிகாரத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்கிறேன். சோதனைச் சாலையின் அறிக்கையைத் தமிழில் மோட்டார் அறைச் சுவரில் ஒட்டி, ஒரு பிரதியைப் பஞ்சாயத்துக்கு அனுப்பினால் போதும். படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள். 'காவற்காரர்கள் ஊர்க்காரர்கள், அந்தத் தண்ணீருக்குப் பழகியவர்கள், நமக்குத்தான் ஒத்துக்கொள்ளாது' என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த வாதத்தைப் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்கிறோம் என்பது ஆச்சரியம். புளோரைடு எலும்பில் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகிற வஸ்து. அதற்குப் பழகுவது என்பதற்கு, அதனால் முடமாவது என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை.

சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைகள் ஜில்லாதோறும் இருக்கின்றன. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, கைப்பெட்டிகளையும் வழங்க ஏற்பாடாயிற்று. மலக் கிருமி கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுத்துக் காட்டும் சிறு பாட்டில் சோதனையொன்றை இந்திய விஞ்ஞானிகள் மூவர் 1982-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். இன்ஜினீயர் பட்டம் இல்லாமலே எவரும் அதைச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும், நீர் மட்டம் இறங்கிய சித்திரையில் உப்புக்கும் புளோரைடுக்கும் பார்ப்பது உசிதம். தொட்டியைக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரு மணி நேரம் விட்டுவைப்பதைக் காவற்காரருக்கே சொல்லிக்கொடுக்கலாம், பவுடரை வாங்கிக் கொடுத்தால்.

சோதனையில் நீர் தேறாவிட்டால் என்ன செய்வது என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை சுவரில் மஞ்சளாகிக்கொண்டிருக்கும், குடம் அதே குழாயில் நிறைந்துகொண்டிருக்கும். கிருமியென்றால் குளோரின், புளோரைடும் நைட்ரேட்டும் உப்பும் என்றால், பூட்டுக்கு வெளியே காவற்காரர் எட்டுகிற இடத்தில் சுத்திகரிப்பு இயந்திரம், அல்லது உரிமையாளர் செலவில் பஞ்சாயத்துக் குழாயின் இணைப்பு, இரண்டில் ஒன்று கைகூடும்வரை கேன் தண்ணீர். நாலு பேருள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் உலை வைக்கவும் நாளொன்றுக்கு ஒரு கேன் போதும். கோடையில் நீச்சல் குளத்துக்கு வரவழைக்கும் லாரி நீரின் விலைக்கு முன் அது ஒரு செலவாகாது. அந்தக் கேன் எஜமானர் வருகிற சனி ஞாயிறுகளில் மட்டுமின்றி, அவர் வராத திங்கள் முதல் வெள்ளி வரையிலும் வரவேண்டும் என்பதையும், வராத நாளில் காவற்காரர் மனைவி பஞ்சாயத்து அலுவலகத்தில் முறையிட்டால் அதைப் பதிவுசெய்து, பஞ்சாயத்தே கேனை வாங்கிக் கொடுத்து, அந்தச் செலவை வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கலாம் என்பதையும் சந்தேகத்துக்கு இடமின்றி அதில் எழுதவேண்டும்.